திராட்சை இரசமும் திரவமானியும்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களுக்கு ஓய்வு என்பதே இல்லை. நாட்டின் பிற பகுதிகளில் தை தொடங்கிச் சித்திரைக்குள் அறுவடை முடிந்துவிடும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி முதலிய ஊர்களிலோ, கவாத்துச் செய்யும் நாளை முன்பின்னாக மாற்றி மாற்றி, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டே இருப்பர். முல்லைப் பெரியாற்றின் நீரும், இருபுறத்து மலைகளும், மண்ணின் வளமும் சேர்ந்து தந்த கொடை இது. இங்கு விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அக்குறியீடு கிடைத்த வேளையில் நாளேடுகள் யாவும் ஒரு செய்தியைத் தவறாது எழுதின. தமிழகத்திற்கு இத்திராட்சையை 1832ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக் குரு கொண்டுவந்தார் என்பதே அது. நம் மக்களுக்கு அதில் பெருமை, நமக்கும் பெருமைதான். ஆயினும் வரலாறு எழுதப் புகுவோர் தமக்கு இனிக்கும் செய்தியைத்தான் முதலில் உரசிப் பார்க்க வேண்டும். பன்னீர்த் திராட்சை என்று நாம் அழைப்பது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. அது இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில் ஸ்னோ என்னும் தோட்டக்காரர் 1850ஐ ஒட்டி இரு வேறு கொடிகளை இணைத்து உருவாக்கியதாகும். 1832இல் இல்லாத கொடியை 1832இல் யாரும் கொண்டுவந்திருக்க முடியாது. அக்குரு கொணர்ந்தது வேறொரு கொடியாக இருக்கலாம். அன்றேல் ஆண்டு பிழையாக இருக்கலாம். மேலும், 1773இல் ஒடுக்கப்பட்ட இயேசு சபை மீண்டும் உயிர்பெற்று, அதன் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மறைத்தளத்திற்குத் திரும்பியது 1838ஆம் ஆண்டளவில்தான். ஆகவே 1832 சரியெனில், கொடி கொணர்ந்தவர் புதுச்சேரியில் இருந்த பாரிசு அயல்நாட்டு மறைபோதகச் சபையைச் சேர்ந்தவராக இருந்திருக்கக்கூடும். இவ்வளவே இங்குச் சொல்லலாம்.

இதை எழுதத் தூண்டியது வேறொரு நிகழ்ச்சி. திருவருகைக் காலத்தின் தொடக்கத்தில் வீடு மந்திரிக்கச் சென்றபோது, ஒரு முதியவர் வீட்டு அடுக்களையில் பழுப்பு நிறப் பீங்கான் ஜாடி ஒன்று வெள்ளைத் துணியால் வாய் கட்டப்பட்டு இருந்தது. கிறிஸ்மஸ் ஒயின். பிசைந்த பன்னீர்த் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, இரண்டு கிராம்பு. தலைமுறை தலைமுறையாக அவ்வீட்டின் வழக்கம். “பிள்ளைகளுக்கு அரை டம்ளர் குடுப்போம் சாமி, உடம்புக்கு நல்லது, பழச்சாறுதானே” என்றார் பாட்டியம்மா. திண்ணையில் இருந்த அவருடைய மகன், பேச்சைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “நானும் அந்தக் காலத்து ஆளுக மாதிரி சாராயம் தொடுறதில்ல சாமி. பீர் மட்டுந்தான். அது வெறும் பார்லித் தண்ணி” என்றார். மருமகள் உள்ளே பாத்திரத்தைச் சற்று ஓசையுடன் வைத்தாள். இருவருக்கும் அன்று நம்மால் விடை சொல்ல இயலவில்லை. சொல்ல வேண்டுமானால் அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

(உரிமம் இன்றி வீட்டில் இவ்வாறு நொதிக்க வைப்பதற்குச் சட்டம் இடந்தராது. ஆகவே ஊரையும் வீட்டையும் சொல்லாது விடுகிறோம்.)

ஜாடிக்குள் நடப்பது யாது? பழத்தோலின் மேலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்கிறது. உண்டதில் ஏறத்தாழப் பாதி எடை ஆல்கஹாலாகவும், மறுபாதி கரியமில வாயுவாகவும் வெளிப்படுகிறது. ஜாடியின் மேல் எழும் நுரை அவ்வாயுதான். இந்தக் கணக்கை 1789இல் லவாய்சியர் தராசில் நிறுத்துக் காட்ட முயன்றார். 1815இல் கே லுசாக் செம்மைப்படுத்தினார். இருவரும் இதனை வெறும் வேதியல் மாற்றம் என்றே எண்ணினர். உயிருள்ள ஒன்று செய்யும் வேலை இது என்பதை ஐயமற நிலைநாட்டியவர் லூயி பாஸ்டர். அவர் திராட்சை இரசத்தைப் பற்றி 1866இலும், பீரைப் பற்றி 1876இலும் தனித்தனி நூல்கள் எழுதினார்.

திராட்சையில் சர்க்கரை ஆயத்தமாக இருக்கிறது. தானியத்தில் அவ்வாறு இல்லை; மாவுச்சத்தாகப் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. அப்பூட்டைத் திறக்கும் வழியை நம் தாய்மார் அறிவர். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, உலர்த்தி அரைத்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சினால், சர்க்கரை போடாமலே இலேசாக இனிக்கும். கூழும் நெகிழ்ந்து நிற்கும். முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் நொதி மாவைச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிடுகிறது. பீருக்கும் இதுவே தொடக்கம். பார்லியை முளைகட்டி, சூட்டில் உலர்த்தினால் அது மால்ட். அதனை நொறுக்கி, கை பொறுக்காத அளவு சூடான, ஏறத்தாழ 65 பாகை நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவு முழுவதும் சர்க்கரையாகி இனிப்பு நீர் கிடைக்கும். அதனை வடித்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூக்களை இட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்ப்பர். சில நாளிலோ சில வாரத்திலோ பீர் ஆயத்தம். ஆக, “பார்லித் தண்ணி” என்று நண்பர் சொன்னது ஈஸ்ட் சேர்க்கும் முன்பு வரை உண்மையே.

இக்கலையை ஐரோப்பாவில் பேணி வளர்த்ததில் நம் துறவு மடங்களுக்குப் பங்குண்டு. ஹாப்ஸ் இட்டால் பானம் கெடாமல் நிற்கும் என்பதை 12ஆம் நூற்றாண்டில் பிங்கன் நகர்ப் புனித ஹில்டகார்டு எழுதிவைத்தார். உரோமைத் திருவருட்சடங்கு நூலில் பீரை மந்திரிக்கும் செபமும் உண்டு; நம் இளங்குருக்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கின்றனர். ஆனால் மடத்துத் துறவியர் குடித்தது எத்தகைய பானம் என்பதைக் கருத வேண்டும். நீர் தூய்மையற்ற காலத்தில், ஒருமுறை வடித்த மால்ட்டிலேயே மறுமுறையும் நீர் ஊற்றி எடுத்த மெலிந்த பீரும் அவர்கள் மேசையில் இருந்தது. மறுபுறம், தானியத்தில் செய்த பானம் திராட்சை இரசத்திற்குக் குறைந்ததன்று என்பதையும் திருச்சபைத் தந்தையர் அறிந்திருந்தனர். புனித எரோணிமுஸ் நெப்போசியன் என்னும் இளங்குருவுக்கு எழுதிய மடலில், தானியம், தேன், பேரீச்சை ஆகியவற்றில் செய்த பானங்களையும் சேர்த்தே, மயக்கும் எதனையும் விலக்கச் சொல்கிறார். ஒன்று மயக்குவது, மற்றொன்று மயக்காதது என்று பெயரைக் கொண்டு அவர் பிரிக்கவில்லை.

பெயரைக் கொண்டு பிரிக்கக் கூடாதெனில் எதைக் கொண்டு பிரிப்பது? சீராக்கின் ஞானநூல் அளவோடு அருந்தும் இரசத்தைப் போற்றுகிறது. அந்த அளவு எது என்பதைக் கண்டறிய மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது.

அளக்கும் கருவி ஒன்று பழங்காலத்திலேயே இருந்தது என்பது வியப்பான செய்தி. தொலமாய் நகரின் ஆயராக அறியப்படும் சினேசியுஸ், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலெக்சாந்திரியாவின் அறிஞர் ஹிப்பாத்தியாவுக்கு ஒரு மடல் எழுதினார். தாம் நலமின்றி இருப்பதாகவும், நீரின் எடையைக் காண ஒரு குழல் வேண்டுமென்றும் கேட்டார். அடியில் பாரம், பக்கத்தில் வெட்டுக் குறிகள்; நீரில் நேராக மிதக்கும். இன்று நம் ஊர்ப் பால் சொசைட்டியில் விடியற்காலையில் தூக்குவாளிக்குள் விடப்படும் பால்மானி அதன் வழித்தோன்றலே. பால் கெட்டியாக இருந்தால் மானி மேலே நிற்கும். நீர் கலந்திருந்தால் அமிழும். சர்க்கரைக் கரைசலிலும் அவ்வாறே. இனிப்பு மிகுந்தால் மானி எழும். ஆல்கஹால் நீரைவிட இலேசானது ஆகையால், அது மிகுந்தால் மானி தாழும்.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. கிறிஸ்மஸ் அன்று ஜாடியில் மானியை விட்டால், எஞ்சிய சர்க்கரை அதை மேலே தள்ளும். உண்டான ஆல்கஹால் கீழே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று மறைத்து, வலிமை மிகுந்த இனிப்பு இரசமும் வெறும் சர்க்கரை நீரும் ஒரே குறியைக் காட்டிவிடக்கூடும். நாவும் இவ்வாறே ஏமாறுகிறது. ஆகவே நொதிக்கத் தொடங்கும் முன் ஒருமுறையும், முடிந்தபின் ஒருமுறையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே மறைந்துபோன சர்க்கரையின் கணக்கு. அதிலிருந்து ஆல்கஹாலின் கணக்கு. தொடக்கத்தை அறியாமல் முடிவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. (பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பல ஆண்டு அமர்ந்தவர்களுக்கு இது புதிதன்று.) தொடக்கம் தெரியாத நிலையில் அரசு ஆய்வுக்கூடத்தார் வேறு வழி கொள்வர்: மாதிரியைக் காய்ச்சி ஆல்கஹாலை ஆவியாகப் பிரித்துக் குளிர்வித்து, பழைய கொள்ளளவுக்கு நீர் சேர்த்து அளப்பர், சர்க்கரை கலத்திலேயே தங்கிவிடும்.

பீர் வடிப்போரிடையே இம்முறையை முறைப்படுத்தியவர் இங்கிலாந்தின் ஜான் ரிச்சர்ட்சன். அவருடைய நூல் 1784இல் வெளிவந்தது. அதற்கு முன் வடிப்போர் கைவிரலையும் நாவையும் பழக்கத்தையுமே நம்பினர். கணக்கு எளிது. தூய நீரை 1.000 என்று கொண்டால், பீராகப்போகும் இனிப்பு நீர் தொடக்கத்தில் 1.050 காட்டுகிறது என்போம். நொதித்தபின் 1.010. வேறுபாடு 0.040, அதனை 131ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5.2. அதுவே நூற்றில் ஆல்கஹாலின் பங்கு.

காய்ச்சி வடித்த சாராயத்தில் சர்க்கரை இல்லை. ஒரே அளவையில் வலிமை தெரிந்துவிடும். வரி வாங்கும் அரசுக்கு அது மிக உகந்தது. சைக்ஸ் என்பவரின் மானியை ஆங்கில அரசு 1816இல் சட்டமாக்கியது. அதற்கு முன்பெல்லாம் வெடிமருந்தில் சாராயத்தை ஊற்றித் தீ வைப்பார்களாம். மருந்து பற்றிக்கொண்டால் சாராயம் ‘புரூஃப்’ பெற்றது என்பார்களாம். சைக்ஸ் மானியின்படி புரூஃப் சாராயம் என்பது ஏறத்தாழ 57.1 விழுக்காடு ஆல்கஹால் உடையது. அந்த அளவுகோல் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கிப் புட்டிகளில் 42.8 விழுக்காடு என்று விந்தையான ஓர் எண் இருப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். அது 57.1இன் முக்கால் பங்கு; அதாவது 75 பாகை புரூஃப். இங்கிலாந்து அவ்வளவையை 1980இல் கைவிட்டது. நம் புட்டிகளில் அதன் நிழல் இன்னும் நிற்கிறது.

திருச்சபையும் அளந்தது. ஆனால் அதன் நோக்கம் வரி அன்று. திருப்பலிக்குரிய இரசம் மெய்யான இரசமாக இருக்க வேண்டும் என்பதே. கொடியின் கனியிலிருந்து வந்த இயற்கையான, கெட்டுப்போகாத இரசம் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் விதி. நாம் குருமடத்தில் பயின்றபோது, இதனை நடத்திய முதிய பேராசிரியர் வகுப்புக்கு ஒரு கண்ணாடித் திரவமானியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அருளடையாள இறையியல் வகுப்பில் அக்கருவிக்கு என்ன வேலை என்று பின்வரிசையில் சிரித்தோம். மெலிந்த இரசம் வெப்ப நாடுகளில் விரைவில் புளித்துக் காடியாகிவிடும். காடியைக் கொண்டு திருப்பலி நிறைவேற்ற இயலாது என்பது புனித தோமா அக்குவினார் காலத்திலேயே தெளிவு. ஆகவே 1890களில் உரோமையின் திருப்பேராயம் வழி வகுத்தது. கரும்புச் சர்க்கரை இடுவதைவிட, திராட்சையிலிருந்தே வடித்த ஆல்கஹாலைச் சிறிது சேர்க்கலாம். மொத்தம் 12 விழுக்காட்டைத் தாண்டலாகாது. இயல்பிலேயே 12க்கு மேற்பட்ட இனிப்பு இரசங்களுக்கு 1896இல் 18 வரை இடம் தரப்பட்டது. மறுமுனையில், மதுவை அறவே தொடக்கூடாத நோயுற்ற குருக்களுக்காக, நொதிக்கத் தொடங்கிய உடனே நிறுத்தப்பட்ட திராட்சைச் சாறும் செல்லும் என்று 2003இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தெளிவுபடுத்தியது. குடிநோயிலிருந்து மீண்ட குருவுக்கு இது எத்துணை பெரிய ஆறுதல் என்பதை உடனிருந்தோர் அறிவர்.

தமிழகச் சட்டமும் இதனை மதித்தே வந்துள்ளது. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார்; 1948இல் அது மாநிலம் முழுவதற்கும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, பின்னர் மீண்டும் தளர்ந்த கதையை அன்பர்கள் அறிவர். 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. திருப்பலி இரசத்திற்கெனத் தனி விதிகள் 1984இல் வகுக்கப்பட்டன. இடையில் கள் வெளியே தள்ளப்பட்டது. மரத்திலிருந்து இறக்கும்போது கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். வலிமையில் கள்ளும் சாதாரண பீரும் ஏறத்தாழ ஒரே படியில் நிற்பவை. ஒன்று குற்றமாகவும் மற்றொன்று குளிர்பெட்டியில் வைத்து விற்கும் சரக்காகவும் ஆனதற்குத் திரவமானி காரணம் அன்று.

பீர் இந்நாட்டில் முதலில் மலைகளிலேதான் வடிக்கப்பட்டது; பனிக்கட்டி இயந்திரம் வருமுன் குளிர்ச்சி வேண்டியிருந்தமையே காரணம். நீலகிரியிலும் பெங்களூரிலும் இருந்த ஐந்து வடிப்பாலைகளை 1915இல் தாமஸ் லைஷ்மன் ஒன்றாக்கியதே பின்னாளில் நாடறிந்த பெரிய நிறுவனமாயிற்று. அவற்றுள் மூத்தது 1857ஐச் சேர்ந்தது. அன்று அது வெள்ளைப் படைவீரருக்கான பானம். இன்று நம் பள்ளத்தாக்கின் தோட்டத் தொழிலாளி மாலையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் ‘ஸ்ட்ராங்’ பீர். 5 விழுக்காடு வரை சாதாரணம், அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங் என்பது 2018ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதியின் வரையறை.

இனி நண்பரின் கணக்கைப் பார்ப்போம். ஒரு புட்டி 650 மில்லி. 8 விழுக்காடு எனில் உள்ளே இருக்கும் ஆல்கஹால் 52 மில்லி. 42.8 விழுக்காட்டுப் பிராந்தியில் இதே அளவு ஆல்கஹால் இருக்க 121 மில்லி வேண்டும். அதாவது, ஒரு புட்டி ஸ்ட்ராங் பீர் குடிப்பவர், கடைக்காரர் மொழியில் சொன்னால், இரண்டு ‘லார்ஜ்’ பிராந்தி குடித்தவர். நண்பர் நாளொன்றுக்கு இரண்டு புட்டி என்று நம்மிடம் ஒப்புக்கொண்டிருந்தார்.

ஜாடிக்கு வருவோம். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் திரவமானியை இரவல் வாங்கிக்கொண்டு, அவ்வீட்டில் அடுத்த ஜாடி ஊறப்போடும் நாளில் சென்றோம். பிழிந்த சாறு மட்டும் 1.065 காட்டியது. அவ்வளவுடன் விட்டிருந்தால் 8 அல்லது 9 விழுக்காட்டில் நின்றிருக்கும். பாட்டியம்மா வழக்கம்போல் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கியதும் மானி எழும்பி 1.100இல் நின்றது. மூன்று வாரம் கழித்து, கிறிஸ்மசுக்கு இரண்டு நாள் முன்பு, துணியை அவிழ்த்து வடிகட்டினார்கள். நண்பகல் வெப்பத்தில் அளந்தால் மானி பிழை சொல்லும். ஆகவே கண்ணாடிக் குவளையை மண்பானைத் தண்ணீரில் வைத்துக் குளிரச் செய்தோம். மானியில் ஒட்டிய வாயுக் குமிழ்களைச் சுழற்றி உதறினோம். 1.010. வேறுபாடு 0.090, 131ஆல் பெருக்க, ஏறத்தாழ 12.

திருப்பேராயத்தின் அதே 12. பேராசிரியரை நினைத்துக்கொண்டோம்.

அரை டம்ளர் என்பது 100 மில்லி. அதில் ஆல்கஹால் 12 மில்லி. பிராந்திக் கணக்கில் 28 மில்லி. கிட்டத்தட்ட ஒரு ‘ஸ்மால்’. இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது மகன்தான் முதலில் படித்தார். தம் கணக்கு மேலே எழுதப்பட்டிருந்ததையும் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியம்மா தாளை வாங்கவில்லை. நடுவீட்டில் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பேத்தியைச் சற்று நேரம் பார்த்தார். “போன வருசம் இவளுக்கு ரெண்டு தடவ ஊத்திக் குடுத்தேன் சாமி. நல்லாத் தூங்கினா” என்றார்.

பிறகு எழுந்து, வடித்த இரசத்தை ஜாடியிலேயே ஊற்றித் துணியைக் கட்டினார். அடுப்படியில் எஞ்சியிருந்த திராட்சைக் குலையை எடுத்து அலசி, பேத்தியின் கையில் கொடுத்தார்.